துணி வானத்தில் இல்லாத அருந்ததி

தஞ்சோங் பகார் துறையில் எங்கள் கப்பல் வந்து நின்றபோது, கரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டது சுத்தமான தஞ்சாவூர்த் தமிழில் இருந்தது. நிலக்கரிக் கூடை சுமக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், அவர்களை விரட்டுகிற மேஸ்திரிகள் எல்லாரும் நம்மவர்களே. இத்தனை நாள் கடலில் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது இதைக் கேட்கத்தானா என்று எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. பூகோள வாத்தியார் ஒருவன் முதன்முதலாகக் கடல் தாண்டுகிறான். அன்னிய தேசம் கொஞ்சமாவது அன்னியமாக இருக்க வேண்டாமா?

நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவனில்லை. என் தங்கை குஞ்சம்மாளின் கணவர் சபாபதி இங்கே துறைமுகக் கிடங்கு ஒன்றில் கிராணி வேலை பார்க்கிறார். கிராணி என்றால் இந்த ஊரில் குமாஸ்தா. கல்யாணமான மறு வருஷமே கப்பலேறியவர், நடுவில் ஒரே ஒரு முறை வந்து போனார். பிறகு கடிதம் குறைந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. குஞ்சம்மாள் நாகப்பட்டினத்தில் என் வீட்டில்தான் இருக்கிறாள். தெருவில் அவளை வாழாவெட்டி என்று பேசுவது அவள் காதிலும் விழுகிறது, என் காதிலும் விழுகிறது. கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடியதும் நான் கிளம்பிவிட்டேன். கிளம்புகிற அன்று அவள் சொன்னது இவ்வளவுதான்: "கூட்டிக்கிட்டு வாங்கன்னு நான் கேக்கல அண்ணே. வருவாரா, மாட்டாரான்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

அவள் எப்படிச் சொன்னால் என்ன, மனிதரைக் கையோடு பிடித்துக்கொண்டு வருவதாகத்தான் நான் தீர்மானித்திருந்தேன்.

சபாபதி துறைக்கே வந்திருந்தார். ஆள் சற்றுப் பெருத்திருந்தார். தலைப்பாகை போய் வட்டத் தொப்பி வந்திருந்தது. என் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டார். பிரயாணம் எப்படி என்றார், ஊரில் மழை உண்டா என்றார், என் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தார். குஞ்சம்மாளை மட்டும் விசாரிக்கவில்லை. தம்முடைய அறை மிகச் சின்னது, காற்று வராது என்று சொல்லி, சிராங்கூன் சாலையில் காதர் பாயின் துணிக்கடை மாடியில் எனக்கு இடம் ஏற்பாடு செய்திருந்தார்.

காதர் பாய் நாகூர்க்காரர். நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடந்தே போய்விடலாம். இருந்தும் அங்கே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அறிமுகமாவதற்கு நடுவில் இவ்வளவு பெரிய கடல் வேண்டியிருந்தது. அவர் முதலில் எனக்குக் கொடுத்தது காப்பி. கொட்டையை வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுக் கருகக் கருக வறுத்து இறக்கிய கறுப்புத் திரவம். ஒரு வாய் குடித்துவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தேன். ரெண்டு நாள் போகட்டும், அப்புறம் ஊர்க் காப்பி தண்ணீராகத் தெரியும் என்றார். அது பலித்துவிட்டது. என் மனைவி அதற்காக இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை சிராங்கூன் சாலையில் நடந்தேன். ஒரு பக்கம் மாட்டுக் கொட்டில்கள், இன்னொரு பக்கம் புகைந்துகொண்டிருக்கும் சுண்ணாம்புக் காளவாய்கள். இந்த வட்டாரத்தையே நம்மவர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் சொல்கிறார்கள். கம்பம் என்றால் மலாய் பாஷையில் கிராமம். பால்காரர் வீட்டுக்கு அடுத்து சீனத் தச்சர் பட்டறை, அதற்கடுத்து மலாய்க்காரர் வீடு, அதற்கடுத்து ஒரு மாரியம்மன் படம் மாட்டிய பலசரக்குக் கடை. எங்கள் ஊரில் இந்த நாலு பேரும் நாலு தெருவில் இருப்பார்கள். ஒருவர் தெருவுக்குள் இன்னொருவர் நுழையக் காரணம் சொல்ல வேண்டும். இங்கே யாருக்கும் அதற்கு நேரமில்லை போலிருக்கிறது.

தெருவில் கூடையில் இடியாப்பம் விற்றுக்கொண்டு ஒருவர் வந்தார். இங்கே அதற்குப் பெயர் புட்டு மாயம். மேலே தேங்காய்த் துருவலும் கறுப்புப் பனைவெல்லமும் தூவி வாழையிலையில் மடித்துக் கொடுத்தார். இடியாப்பத்துக்குக் குழம்பு இல்லையா என்று கேட்டேன். குழம்பு எதுக்கு என்று அவர் கேட்டார். இருவருமே ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டோம். தின்றுபார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் ஒப்புக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

மத்தியானம் சபாபதிக்குச் சொல்லாமல் அவர் வேலை செய்யும் கிடங்குக்குப் போவதென்று ரிக்‌ஷா ஏறினேன். பாதி வழியில் மழை. இந்த ஊர் மழை நம்மூரைப் போல மேகம் திரண்டு, காற்றடித்து, துணி எடுக்க நேரம் கொடுத்து வருகிற மழை அல்ல. வாளியைக் கவிழ்த்த மாதிரி வந்தது. வண்டி இழுத்த சீனர் மரக்கைகளைத் தரையில் போட்டுவிட்டு அஞ்சடிக்கு ஓடிவிட்டார். கடைகளின் முன்னால் கூரையுடன் போகும் நடைபாதைக்கு இங்கே அஞ்சடி என்று பெயர். வண்டி முன்னால் சாய்ந்துவிட்டதால், நான் குடையைப் பிடிப்பதா, வண்டியைப் பிடிப்பதா என்று தெரியாமல் நடுச்சாலையில் சறுக்கிக்கொண்டே இருந்தேன். சீனர் அங்கிருந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்து, நீயும் வா என்று கையைக் காட்டினார். கடைசியில் நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். மழை விடும்வரை இருவரும் அவரவர் மொழியில் மழையைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

நனைந்த கோழியாகக் கிடங்கில் போய் இறங்கினால், சபாபதி இல்லை. வாசலில் இருந்த நம்மூர்ச் சேவகர், கிராணி சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். வீட்டுக்கா, அறைக்கா என்று கேட்டேன். வீட்டுக்குத்தான் என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்போல உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை சபாபதி வந்ததும் நேராகவே கேட்டேன். எப்போது ஊருக்கு வருகிறீர்கள் என்றேன். அடுத்த கப்பலில் பார்ப்போம் என்றார். அடுத்த கப்பல் என்றால் நான் போகிற கப்பலா என்றேன். கிடங்கில் ஆள் குறைவு, பெரிய துரை சீமைக்குப் போயிருக்கிறார், பார்ப்போம் என்றார். அவர் போன பிறகு காதர் பாயைக் கேட்டேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, இந்த வருஷம் வந்திறங்கிய மல் துணியின் தரத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அப்போதே புரிந்துவிட்டது.

அடுத்த நாள் கடைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடி, கோட்டுப் பையெல்லாம் காகிதம். வெளிச்சம் புகாத கறுப்புத் துணி வேண்டும் என்றார். பாய் நாலைந்து தினுசு எடுத்துப் போட்டார். மனிதர் ஒவ்வொன்றையும் தலையில் போர்த்திக்கொண்டு தெருவைப் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பிறகு ஒரு விளக்கும் சில ஆணிகளும் வேண்டும் என்று கேட்டு வாங்கி, ஆணியைச் சுடவைத்து, வாங்கிய துணியில் அங்கேயே ஓட்டை போட ஆரம்பித்துவிட்டார். பாய்க்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"கேளுங்க வாத்தியாரே. ஓட்டைத் துணி வேணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா, எலி கடிச்சது உள்ளார எவ்வளவோ கிடக்குதே" என்றார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விசாரித்தேன். அவர் சீமையில் ஒரு சர்வகலாசாலையில் வானசாஸ்திரப் பேராசிரியர். தெற்கே ஏதோ தீவுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் இங்கே சில நாள் தங்கி, பொதுஜனங்களுக்கு வானம் காட்டுகிறார். அவரிடம் ஒரு கூடாரம் இருக்கிறது. பெரிய குடை போன்ற சட்டத்தில் கறுப்புத் துணி; துணியில் நட்சத்திரங்களுக்கு ஓட்டை; வெளியே சுற்றிலும் விளக்கு. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் பட்டப்பகலிலும் இரவு. சர்வகலாசாலையில் மாணவர்களுக்காகச் செய்ததாம். கப்பல் அறையில் எலிகள் அதன் வடக்குப் பக்கத்தைத் தின்றுவிட்டன. எலி விஷயத்தை நான் பாய்க்குச் சொன்னபோது அவருக்கு ஓரளவு சமாதானமாயிற்று.

பேராசிரியர் விரித்து வைத்திருந்த நட்சத்திர வரைபடத்தைப் பார்த்தேன். எலி தின்ற பக்கம் நம் சப்தரிஷி மண்டலம். ஏழு ஓட்டையும் காதர் பாய் கடைத் துணியில்தான் விழுந்துகொண்டிருந்தன. கடைசிக்கு முந்தின நட்சத்திரம் வசிஷ்டர். அவருக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் அருந்ததி. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்போது அது மிகப் பிரமாதமான யோசனையாகத் தோன்றியது.

குஞ்சம்மாள் கல்யாணம் நடந்தது உச்சி வேளையில். அம்மி மிதித்தானதும் புரோகிதர் இருவரையும் வாசலுக்கு அழைத்துப்போய்ப் பந்தல் கீற்றைக் கையால் விலக்கினார். தலைக்கு மேல் வெயில் கொளுத்துகிறது. வடக்கே கையைக் காட்டி, அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார். சபாபதி தெரிகிறது என்றார். குஞ்சம்மாள் தலையைக் குனிந்தபடியே தெரிகிறது என்றாள். பக்கத்தில் நின்ற நானும் தெரிகிறது என்றேன். எல்லாக் கல்யாணத்திலும் இப்படித்தான். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லித்தான் நாம் எல்லாரும் குடித்தனம் தொடங்குகிறோம்.

இந்த மனிதருக்கு அந்த நட்சத்திரத்தை ஒரு முறை உண்மையிலேயே காட்டிவிட்டால் என்ன? பார்த்தால் மனசு இளகாதா? அப்படித்தான் நான் நினைத்தேன். வாத்தியார் புத்தி, படம் போட்டுக் காட்டினால் எவனுக்கும் புரிந்துவிடும் என்று நம்புகிற புத்தி.

சபாபதி மறுக்காமல் வந்தார். காதர் பாயும், தம் துணி என்ன கதியாயிற்று என்று பார்க்கக் கூடவே வந்தார். கடற்கரை மைதானத்துக்கு எதிரே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் கூடாரம் போட்டிருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. சீன வியாபாரிகள், மலாய்க்காரர்கள், நாங்கள் எல்லாரும் பின்னால் பெஞ்சியில். விளக்கை வெளியே ஏற்றி வாசல் துணியை மூடியதும் யார் நாற்காலியில், யார் பெஞ்சியில் என்பது தெரியாமல் போய்விட்டது. தலைக்கு மேல் நட்சத்திரங்கள். கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. பாய் என் காதருகில் அல்லாவின் பெயரைச் சொன்னார்.

பேராசிரியர் ஒரு கைப்பிடியைச் சுற்றினார். வானம் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தது. இன்னொரு திருகைத் திருப்பினார். வானமே சாய்ந்தது. இது எங்கள் ஊர் வானம் என்று சீமையில் ஆரம்பித்து, கப்பல் தெற்கே வர வர எப்படி மாறும் என்று காட்டினார். உயரத்தில் இருந்த துருவ நட்சத்திரம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. நான் ஒவ்வொன்றையும் சபாபதிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கே தெரியாமல் எழுந்து நின்று, அய்யா, பதினோரு பாகையில் கொஞ்சம் நிறுத்த முடியுமா, அது எங்கள் ஊர் என்று கேட்டுவிட்டேன். யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. நிறுத்தினார்.

அடிவானத்துக்குச் சற்று மேலே துருவன். அதற்கு மேலே வடக்கில் சப்தரிஷி. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தால் எப்படியோ அப்படியே. இருட்டில் சபாபதி அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வேலை நடக்கிறது என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

பிறகு வானம் இன்னும் சாய்ந்து சிங்கப்பூருக்கு வந்தது. துருவ நட்சத்திரம் துணியின் விளிம்பில் போய் மறைந்தது. இந்த ஊரில் அது கிட்டத்தட்டத் தெரியாது என்றார் பேராசிரியர். வடக்கைப் பார்த்து நின்றால் நமக்கு எப்போதும் நகராத ஒன்று உண்டு என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். அது இல்லாத ஊரில் மனிதர்கள் எதை வைத்துத் திசை பார்ப்பார்கள் என்று நினைத்தபோது, முதன்முறையாக இந்த ஊர் எனக்கு அன்னியமாகத் தோன்றியது.

கடைசியில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரம் இருக்க வேண்டுமே, காணோமே என்று கேட்டேன். அவ்வளவு நெருக்கத்தில் இன்னோர் ஓட்டை போட்டால் துணி கிழிந்துவிடும், அதனால் விட்டுவிட்டேன், வெளியே தொலைநோக்கியில் காட்டுகிறேன் என்றார். இதை மொழிபெயர்த்ததும் பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. தம் கடைத் துணி அவ்வளவு லேசில் கிழியாது என்று அவரிடம் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை.

மைதானத்துப் புல்லில் முக்காலியின்மேல் பித்தளைத் தொலைநோக்கி நின்றது. கண்ணை வைக்க ஒரே இடம் என்பதால் இங்கே நாற்காலி, பெஞ்சி வித்தியாசமில்லை. எல்லாருக்கும் ஒரே வரிசை. சாயங்காலம் பெய்த மழையில் வானம் கழுவிவிட்டது போலிருந்தது. வடக்கே மரங்களுக்கு மேல் ஏழு நட்சத்திரங்களும் தெரிந்தன. ஊரில் பார்ப்பதைவிடத் தாழ்வாக, தலைகீழாகக் கவிழ்ந்த மாதிரி. பேராசிரியர் தொலைநோக்கியை வசிஷ்டருக்குத் திருப்பி, என்னை முதலில் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வசிஷ்டர் ஒருவர் அல்ல, இருவர். வைரத்தோடு ஒட்டி இன்னொரு கல் பதித்த மாதிரி, பெரிய நட்சத்திரத்தின் பக்கத்திலேயே ஒரு சின்ன நட்சத்திரம். அருந்ததி எங்கே என்றேன். தூரத்தில் ஓரமாகத் தெரிகிறதே, அதுதான் என்றார் பேராசிரியர். அப்படியானால் பக்கத்தில் இருப்பது எது என்றேன். இது எப்போதும் இங்கேதான் இருக்கிறது, வெறும் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து ஒன்றாகத் தெரிகின்றன, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது என்றார்.

எனக்குப் பின்னால் சபாபதி நின்றார். என்ன சொன்னார் என்று கேட்டார். நான் நல்ல மொழிபெயர்ப்பாளன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் குனிந்து கண்ணை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. வரிசையில் ஒரு சீனர் இருமினார், இன்னொருவர் பொறுமையில்லாமல் குடையைத் தட்டினார். சபாபதி நிமிர்ந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது.

கடலைப் பார்த்துப் போட்டிருந்த கல் பெஞ்சியில் போய் உட்கார்ந்தோம். பாய் வேண்டுமென்றே கடலைக்காரனோடு பேரம் பேசிக்கொண்டு தள்ளி நின்றார்.

"மச்சான், எனக்கு இங்க ஒரு வீடு இருக்கு. தங்கம்னு பேரு. ஒரு பொண்ணும் இருக்கு" என்றார் சபாபதி.

எனக்குக் கை எழுந்தது. அடித்திருப்பேன். மைதானத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்பதற்காக அல்ல, குஞ்சம்மாளின் கணவர், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுப் பழகிய மனிதர் என்பதற்காகக் கை தானே இறங்கிவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒவ்வொரு கப்பலுக்கும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், கப்பல்தான் போய்க்கொண்டே இருந்தது என்றார். அழ வைக்கத்தான் அவரை அங்கே அழைத்துப் போனேன். அழுதார். ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பாய்தான், பார்க்காமல் போனால் உங்கள் தங்கைக்கு என்ன சொல்வீர்கள் என்றார். மின்சார டிராமில் போனோம். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டியை வேறொரு நாள் பார்த்திருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன். அன்று அது எதன் வழியாகப் போயிற்று என்றுகூடக் கவனிக்கவில்லை.

தஞ்சோங் பகாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஓலைக் கூரை போட்ட சின்ன வீடு. சுத்தமாக இருந்தது. காற்று நன்றாகவே வந்தது. தங்கம் இந்த ஊரிலேயே பிறந்தவள்; பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டு வரும். அவளுடைய அப்பா இங்கே பால் வியாபாரம் செய்தவர். நான் வாய் நிறையச் சாபம் கொடுக்கத் தயாராகப் போனேன். அவள் வாசலுக்கு வந்து, "வாங்க அண்ணே" என்றாள். குஞ்சம்மாள் கூப்பிடுகிற அதே வார்த்தை. அதை அவள் தெரிந்துதான் கூப்பிட்டாள் என்பது பிறகு புரிந்தது. அவள் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப்பார்த்தாள். சபாபதியின் மூக்கு அப்படியே. "மாமாவுக்குக் கும்பிடு சொல்லு" என்று தங்கம் சொன்னதும், அந்தப் பெண் இரு கையையும் கூப்பிவிட்டு உடனே என் குடையை விரித்துப் பார்க்கப் போய்விட்டாள்.

இலை போட்டாள். தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்த சோறு, காய்ந்த நெத்திலி, மிளகாய் அரைத்த காரமான சம்பல். சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அக்கா எப்படி இருக்கிறார்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். எந்த அக்கா என்றேன். அவள் விழித்தாள். "குஞ்சம்மா அக்காதான்" என்றாள்.

உங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னேன். தங்கத்தின் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. சபாபதியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் எழுதிட்டேன், அக்கா சம்மதிச்சுட்டாங்கன்னுதானே சொன்னாரு. அதுனாலதான் லா நான் கழுத்தை நீட்டினேன்" என்றாள் என்னிடம்.

வெளியே அந்தப் பெண் குடையை விரித்து மூடி விரித்து மூடி விளையாடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இந்த வீட்டில் கோபித்துக்கொள்ள நான் தேடி வந்த ஆள் இவளில்லை என்று தெரிந்ததும், அத்தனை தூரம் சுமந்து வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டேன். அவளுக்காகத்தான் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது தங்கம் சந்து முனைவரை வந்தாள். "அண்ணே, அக்காகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. என்னைத் திட்டினா திட்டட்டும். இனிமேப்பட்டுக் காத்துக்கிட்டு இருக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

கப்பல் புறப்படும் நாளில் சபாபதி துறைக்கு வந்தார். ஒரு பட்டுப் புடவையைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. இதை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் நீங்கள் பாதி வந்த மாதிரி ஆகிவிடும் மாப்பிள்ளை என்று சொன்னேன். அவர் பொட்டலத்தை மார்போடு வைத்துக்கொண்டு கப்பல் திரும்பும்வரை நின்றார். காதர் பாய் பக்கத்தில் நின்று அவர் தோளைப் பிடித்திருந்தார். ஒரு வாரமாக நான் பேசக் கூடாது என்று இருந்த மனிதரை இன்னொருவர் தாங்கிப் பிடித்திருப்பது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

கப்பலில் ஒவ்வோர் இரவும் மேல்தளத்துக்கு வந்து வடக்கே பார்த்தேன். ஒரு நாள் அடிவானத்தில் கலங்கலாகத் துருவன் எட்டிப்பார்த்தான். பேராசிரியர் திருகைத் திருப்பியது நினைவுக்கு வந்தது. கப்பலில் எல்லாருக்கும் ஊர் நெருங்குகிறது என்று ஒரே குதூகலம். நான் அந்த நட்சத்திரம் உயர உயர, குஞ்சம்மாளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று குஞ்சம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் நான் தனியாக இறங்கியதைப் பார்த்தாள், வெந்நீர் போட்டாள், சோறு போட்டாள். இருட்டியதும் கொல்லையில் துணி எடுக்கப் போனவளின் பின்னால் நானும் போனேன். சப்தரிஷி மண்டலம் தென்னைகளுக்கு மேலே தெளிவாக இருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பதென்று தெரியாமல் கூடாரத்தில் ஆரம்பித்தேன். எலி, ஆணி, காதர் பாய் என்று கொஞ்ச தூரம் அவள் சிரித்துக்கூடக் கேட்டாள். பிறகு தொலைநோக்கி. பிறகு கல் பெஞ்சி. பிறகு தங்கம். எதையும் மறைக்கவில்லை, அவளும் ஏமாற்றப்பட்டவள் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

குஞ்சம்மாள் எடுத்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வருவாரா மாட்டாரான்னு தெரிஞ்சுக்கிட்டு வரச் சொன்னேன். தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

துணிகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அது எந்த நட்சத்திரம் என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வசிஷ்டரைக் கண்டுபிடித்தாள்; அப்புறம் வெகுநேரம் தேடினாள்.

"தெரியுது" என்றாள். கல்யாணத்தன்று வெயிலில் தலைகுனிந்து சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு அவள் எதையும் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

பிறகு வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "அந்தக் குழாய்ல பாத்தப்ப, அவருக்குப் பக்கத்துல ஒண்ணு இருந்துச்சுன்னு சொன்னீங்களே. இவ பக்கத்துல ஏதாச்சும் இருந்துச்சா அண்ணே?"

நான் யோசித்துப் பார்த்தேன். பெரிய நட்சத்திரத்தை ஒட்டி இருந்த சின்ன நட்சத்திரத்தின் நிறம் நினைவிருந்தது, இடைவெளி நினைவிருந்தது, சபாபதியின் நனைந்த கன்னம் நினைவிருந்தது. அருந்ததி ஓரமாக இருந்தது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில்லை. கவனிக்கவில்லை அம்மா என்றேன்.

"யாருமே பாக்கலியா?" என்றாள்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் வசிஷ்டரைத்தான் பார்த்தோம் என்று அவளிடம் சொல்லவில்லை; அவள் இடுக்கியிருந்த துணிகளை வாங்கிக்கொண்டேன்.